வீட்டு வெளிச்சுவருக்கு 110 பார் பிரஷர் வாஷர்: எதற்கு வாங்கலாம், எங்கே வைக்கவே கூடாது

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சொந்த வீடு, வாசலில் பேவர் பிளாக், சுற்றிலும் காம்பவுண்டு சுவர், மேலே ஒரு மாடி என்று இருப்பவர்களுக்கு 110 பார் வகை பிரஷர் வாஷர், அதாவது தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் மெஷின், வாங்கத் தகுந்த பொருள்தான். பார் என்பது அழுத்தத்தின் அளவு. அதற்கு மேல் 150, 180, 200 என்று விளம்பரங்களில் ஏறிக்கொண்டே போகும் எண்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். சுவரைச் சுத்தமாக்குவது அழுத்தம் அல்ல. முன்னதாகத் தடவும் பிளீச்சிங் கரைசலும் அது ஊறும் கால் மணி நேரமும்தான் அதைச் செய்கின்றன. செத்த பாசியை வழித்து இறக்குவதோடு மெஷினின் வேலை முடிந்துவிடுகிறது. இது புரியாமல் பாசியை அழுத்தத்தாலேயே பெயர்க்கப் பார்க்கும்போதுதான் பெயின்டும், பட்டியும், சில வீடுகளில் பூச்சும் சேர்ந்து உதிர்கின்றன.

இந்த வகையில் நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பவை இரண்டு: கார்ச்சர் கே2 வரிசையும் பாஷ் ஈசி அக்வாடாக் 110-உம். முதலாவது 110 பார், மணிக்கு 360 லிட்டர், 1400 வாட். இரண்டாவது 110 பார், மணிக்கு 330 லிட்டர், 1300 வாட். கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம். இரண்டிலும் கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் என்பதால் சத்தம் அதிகம். ஓடும்போது பக்கத்தில் நிற்பவரோடு பேச முடியாது. தொடர்ந்து ஓட்டவும் கூடாது. 20 நிமிடம் ஓட்டினால் 10 நிமிடம் ஆறவிடுவது நல்லது. கார்ச்சரில் கே4-இலிருந்து மேலே உள்ளவற்றில் தண்ணீரால் குளிரும் மோட்டார் இருக்கிறது. அது சத்தம் குறைவு, ஆயுள் அதிகம், விலையும் எடையும் அதிகம். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வீட்டையும் வாரம் ஒருமுறை வண்டியையும் கழுவுபவருக்கு கே2 அளவே போதும். அக்கம்பக்கத்து நான்கு வீடுகளுக்கும் சேர்த்து ஓட்டப்போகிறீர்கள் என்றால் கே4-க்குப் போங்கள்.

பெட்டியில் இருக்கும் எண்களை எப்படிப் படிப்பது என்பதில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பார் எண்ணை நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதால் பெருக்கி 600-ஆல் வகுத்தால், தண்ணீருக்கு மட்டும் எத்தனை கிலோவாட் சக்தி போக வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆன்லைனில் ஒரு மெஷின் 1800 வாட் மோட்டார், 180 பார், நிமிடத்துக்கு 8 லிட்டர் என்று போட்டிருந்தால்: 180 பெருக்கல் 8, வகுத்தல் 600, விடை 2.4 கிலோவாட். 1.8 உள்ளே போய் 2.4 வெளியே வராது. அந்த எண்களில் ஒன்றோ எல்லாமோ பொய். நல்ல நிறுவனங்களும் உச்ச அழுத்தத்தையும் உச்சத் தண்ணீரளவையும் தனித்தனியாகத்தான் எழுதுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை. 110 பார் என்று பெரிதாக எழுதியிருக்கும் மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். வேலை அழுத்தம் என்று அதைவிடக் குறைவான ஓர் எண் இருக்கும். அதுதான் உண்மையில் உங்கள் சுவரில் படப்போவது. வீட்டு வேலைக்கு அது தாராளம்.

பெட்டிக்குள் வரும் ஹோஸ் 3 முதல் 5 மீட்டர் நீளம்தான் இருக்கும். இந்த மெஷின்களின் பெரிய குறை இதுதான். ஒரு பக்கச் சுவரை முடிப்பதற்குள் மெஷினை நான்கு முறை தூக்கி வைக்க வேண்டியிருக்கும். அந்த எரிச்சலில் எல்லோரும் செய்வது மின்சார எக்ஸ்டென்ஷனை நீட்டுவது. அதை ஈரத்தில் இழுத்துப் போவதைவிட, 10 மீட்டர் கூடுதல் பிரஷர் ஹோஸ் வாங்கிவிடுங்கள். நிமிடத்துக்கு 5, 6 லிட்டர் என்ற குறைந்த ஓட்டத்தில் கூடுதல் ஹோஸால் அழுத்தம் பெரிதாகக் குறையாது. எக்ஸ்டென்ஷன் போட்டே ஆக வேண்டும் என்றால் 10 மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ., அதற்கு மேல் 30 மீட்டர் வரை 2.5 சதுர மி.மீ. ஒயர், எர்த்தோடு மூன்று கோர் உள்ளதாக இருக்க வேண்டும். சீரியல் பல்புக்குப் போட்ட ஒயரில் இதை மாட்டினால் ஒயர் சூடேறும், வோல்டேஜ் விழும், மோட்டார் முக்கிக்கொண்டே ஓடிக் கருகும். 1400 வாட் மெஷின் 6 ஆம்பியருக்குச் சற்று மேலே இழுக்கும். ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன பிளக்கில் மாட்டாதீர்கள். மோட்டாருக்கோ வாஷிங் மெஷினுக்கோ போட்ட 16 ஆம்பியர் பாயின்ட்தான் வேண்டும். அந்த லைன் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்ச்) வழியாக வருகிறதா என்று பார்த்து, டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்தி, அது விழுகிறதா என்றும் சரிபாருங்கள். விழவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை மெஷினைத் தொடாதீர்கள்.

தண்ணீர் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் அழுத்தம் குறைவாக இருப்பதால் மெஷின் ஓடாது என்று சிலர் நினைக்கிறார்கள். அழுத்தம் பிரச்சினையே இல்லை, ஓட்டம்தான் வேண்டும். 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் அந்தக் குழாய் போதும். ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும், துடிதுடித்து ஓடும், உள்ளே சீல்கள் தேயும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெரிய டிரம்மை நிரப்பி, அடியில் ஃபில்டர் வைத்த உறிஞ்சும் ஹோஸ் போடுங்கள். ஆனால் தண்ணீர் மட்டத்திலிருந்து அரை மீட்டருக்கு மேல் மெஷினை உயர்த்தி வைக்கக் கூடாது. டிரம் பக்கத்தில் தரையிலேயே வையுங்கள்.

போர் தண்ணீரில் மணலும் இரும்புச் செதிலும் வரும். நுழைவாயிலில் இருக்கும் சின்ன வலை ஒன்றையே நம்பாமல், சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும் சல்லடை ஃபில்டர் ஒன்றை முன்னால் போட்டுவிடுங்கள். இன்னொன்று: இந்த மெஷின்களுக்குள் போகும் தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் தண்ணீர் பிற்பகல் 2 மணிக்கு அதைத் தாண்டிவிடும். காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடிப்பது மெஷினுக்கும் நல்லது, சுவரில் கரைசல் சீக்கிரம் காய்ந்துபோகாமல் இருப்பதற்கும் நல்லது.

லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகளுக்கு ஓர் ஆறுதல். நிமிடத்துக்கு ஐந்தரை லிட்டர் என்று வைத்தால் 1000 லிட்டர் தொட்டி மூன்று மணி நேரம் வரும். சாதாரணத் தோட்டக் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் அதே தண்ணீர் ஒன்றரை மணி நேரம்கூட வராது.

சுவரைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வடக்குப் பார்த்த சுவர்தான் முதலில் கறுக்கும். ஐப்பசியிலிருந்து மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அந்தப் பக்கம் வெயிலே படாது. சன்ஷேடின் மேல் பச்சைப் பாசி, அது வழியும் கோட்டில் கரும்பாசி, தரையை ஒட்டி வெள்ளை உப்பு. மூன்றும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு வேறு.

உப்புக்குத் தண்ணீரே ஆகாது. காய்ந்த நிலையில் நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, விழும் தூளை முறத்தில் அள்ளி வெளியே கொட்ட வேண்டும். அதன் மேல் ஜெட் அடித்தால் உப்பு கரைந்து மறுபடி பூச்சுக்குள்ளேயே போய், காயும்போது முன்னைவிட அதிகமாகப் பூக்கும். தரையிலிருந்து ஈரம் ஏறுவதை நிறுத்தாத வரை எந்த மெஷினாலும் இதற்குத் தீர்வு இல்லை.

பாசிச் சுவரில் கை வைப்பதற்கு முன் மூன்று சோதனை. உள்ளங்கையால் அழுத்தித் தடவுங்கள். மாவு போல் கையில் ஒட்டினால் பெயின்ட் செத்துவிட்டது, ஜெட் பட்டால் உரிந்து வரும். மறுபடி பெயின்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் அது நல்லதுதான்; வெறுமனே கழுவி விடப்போகிறீர்கள் என்றால் திட்டுத் திட்டாகச் சுவர் அசிங்கமாகும். அடுத்து, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் ஓர் அடிக்கு ஓர் இடம் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளல் சத்தம் கேட்கும் இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டு எழும்பியிருக்கிறது. அங்கே ஜெட் பட்டால் பலகையாக விழும். கடைசியாக வெடிப்புகள். மயிரிழை வெடிப்பு என்றால் தூரத்திலிருந்து மென்மையாகக் கழுவலாம். நகம் நுழையும் வெடிப்பு என்றால் அதை அடைத்து முடித்த பிறகுதான் மெஷின். இல்லாவிட்டால் வெளியே அடிக்கும் தண்ணீர் உள்ளே படுக்கையறைச் சுவரில் ஈரப் படமாகத் தெரியும்.

புதுப் பூச்சு 28 நாள் ஆகும் முன் ஜெட் படக் கூடாது. செட்டிநாட்டு வீடுகளின் பழைய சுண்ணாம்புப் பூச்சு, மண் காரை வைத்துக் கட்டிய நாட்டுச் செங்கல் சுவர் இவற்றுக்கு இந்த மெஷின் எந்த வயதிலும் வேண்டாம். நாட்டுச் செங்கல்லின் சுட்ட மேல்தோல் ஒருமுறை போய்விட்டால் உள்ளே இருக்கும் மென்மையான பகுதி மழைக்கு மழை கரையும். மென்மையான பிரஷ்ஷும் பொறுமையும்தான் அந்தச் சுவர்களுக்கு மரியாதை.

கரைசல்

பாசியின் மேல்பகுதியை ஜெட் அறுத்துவிடும். ஆனால் பூச்சின் துளைகளுக்குள் இருப்பது உயிரோடுதான் இருக்கும். அடுத்த மழையிலேயே பச்சை திரும்பும். அதனால் முதலில் கொல்ல வேண்டும். இதற்குச் சுவரின் மேல் 1 சதவீதக் குளோரின் போதும். கெமிக்கல் கடைகளில் கேனில் கிடைக்கும் 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால் 1 லிட்டருக்கு 9 லிட்டர் தண்ணீர். பழைய சரக்கு வாங்காதீர்கள். வெயிலில் கிடந்த கேனில் வீரியம் போய்விடும். பிளீச்சிங் பவுடர்தான் இருக்கிறது என்றால் 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளிக்கு 300 கிராம் போட்டுக் கலக்கி, ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் துணியில் வடிகட்டி எடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு சுவரில் பட்டால் வெள்ளைத் தடமாக நிற்கும். 10 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் கரைசல் வழிந்து ஓடாமல் சுவரில் ஒட்டி நிற்கும். அந்தத் திரவத்தில் அமிலமோ அமோனியாவோ இருக்கக் கூடாது.

பாத்ரூம் டைல்ஸ் கழுவும் ஆசிட்டை எந்தக் காரணத்துக்காகவும் இதோடு கலக்காதீர்கள். ஒரே நாளில் ஒன்றன் பின் ஒன்றாகக்கூட ஒரே சுவரில் அடிக்காதீர்கள். குளோரின் வாயு வரும். சந்து போன்ற இடத்தில் அது உயிருக்கே ஆபத்து. கிரில்லில் இருந்து வழிந்த துருக் கறைக்கு ஆக்சாலிக் அமிலம் போடுபவர்கள் அதை வேறொரு நாளுக்குத் தள்ளி வையுங்கள்.

கரைசலை மெஷினுக்குள் ஊற்றாதீர்கள். சோப்புப் பாட்டில் ஒன்று மெஷினோடு வருகிறதே என்று நிறைய பேர் அதில் இதைத்தான் நிரப்புகிறார்கள். குளோரின் ரப்பர் வாஷர்களையும் உள்ளே இருக்கும் உலோகத்தையும் தின்றுவிடும். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானில் ஊற்றி, கீழிருந்து மேலாக அடியுங்கள். மேலிருந்து அடித்தால் காய்ந்த சுவரில் கரைசல் கோடுகோடாக வழிந்து, அந்தக் கோடுகள் மட்டும் வெளுத்துப்போகும். 10 முதல் 15 நிமிடம் ஊறட்டும், ஆனால் காயக் கூடாது. காய்வது போலிருந்தால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். கரும்பாசி பழுப்பாகி வெளிறத் தொடங்கினால் வேலை முடிந்தது. ஆழ்ந்த நிறப் பெயின்ட் என்றால் கண்ணில் படாத மூலையில் ஒரு சாண் இடத்தில் முதல் நாளே சோதித்துவிடுங்கள்.

சுவரோரச் செடிகளை முதலில் நன்றாக நனைத்துவிட்டு பாலிதீன் போட்டு மூடுங்கள். வேர் ஏற்கெனவே தண்ணீர் குடித்திருந்தால் குளோரின் தண்ணீரைக் குறைவாகவே இழுக்கும். அதைவிட முக்கியம் மழைநீர்த் தொட்டி. 2003-இலிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் மாடிக் குழாயும் வாசல் வாட்டமும் அந்தக் குழியை நோக்கித்தான் இருக்கும். குளோரினும் பெயின்ட் தூளும் கலந்த தண்ணீர் நேராக உங்கள் கிணற்றுக்கோ போருக்கோ போய்ச் சேரும். வேலை தொடங்கும் முன் அந்த வாயைத் துணி வைத்து அடைத்து, தண்ணீரை வெளியே திருப்பிவிடுங்கள்.

ஜெட் அடிக்கும் முறை

சுவருக்கு விசிறி நாசில் மட்டும்தான். சுழன்று அடிக்கும் நாசில் கார்ச்சரில் தனி லான்ஸாக (டிரிகர் துப்பாக்கியில் மாட்டும் நீளக் குழல்) வரும், பாஷில் மூன்று வகை நாசிலில் ஒரு நிலையாக இருக்கும். பெயின்ட் அடித்த சுவரில் அதை ஒரு நொடிகூட வைக்காதீர்கள், பாம்புச் சுருள் போல் தடம் விழும். பெரிய மெஷின்களில் நிறம் வைத்து மாற்றும் நாசில்கள் வரும்: சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. சுவருக்கு வெள்ளையில் தொடங்கி, தேவைப்பட்டால் பச்சை. சிவப்பை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு வாருங்கள்.

முதலில் 60 செ.மீ. தூரத்தில் பிடித்துப் பாருங்கள். பாசி இறங்கவில்லை என்றால் 10 செ.மீ. நெருங்குங்கள். 30 செ.மீ.-க்கு உள்ளே போக வேண்டி வருகிறது என்றால் கரைசல் போதவில்லை என்று அர்த்தம், மறுபடி கரைசல் அடியுங்கள். 25 டிகிரி விசிறி 30 செ.மீ. தூரத்தில் 13 செ.மீ. அகலப் பட்டையாகப் படும். 15 செ.மீ.-க்கு நெருங்கினால் அதே தண்ணீர் ஆறரை செ.மீ.-க்குள் குவியும். சுவரில் விழும் அடி நீங்கள் நினைப்பதைவிட வேகமாகக் கூடுவது இதனால்தான். டிரிகரைச் சுவருக்கு வெளியே அழுத்தி, அடித்தபடியே சுவருக்குள் கொண்டுவாருங்கள். நேரே சுவரில் வைத்து அழுத்தினால் முதல் அடி விழுந்த இடம் வட்டமாகத் தெரியும். மேலிருந்து கீழாக, ஒரு பட்டையின் மேல் அடுத்தது மூன்றில் ஒரு பங்கு ஏறும்படி, சுவருக்குச் சரிவாகப் பிடித்து, ஒரே வேகத்தில் கையை நகர்த்துங்கள்.

ஜெட் எப்போதும் கீழ் நோக்கியே இருக்கட்டும். சன்ஷேடின் அடிப்பகுதி, ஜன்னல் சட்டத்தின் கீழ் விளிம்பு, ஏசி குழாய் போகும் ஓட்டை ஆகியவற்றைக் கீழிருந்து மேலாக அடித்தால் மழைகூடப் போகாத இடத்துக்குத் தண்ணீர் போகும். ஏசி வெளி யூனிட்டின் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். அவற்றுக்குச் சாதாரணக் குழாய்தான். சோலார் பேனலுக்கும் அப்படியே. மின்வாரிய மீட்டர் பெட்டியைப் பாலிதீனால் கட்டிவிட்டு அந்தப் பக்கம் ஒரு மீட்டருக்குக் கையால் துடைத்தால் போதும். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயரின் மேல் தண்ணீர் படவே கூடாது.

மாடிச் சுவருக்கு ஏணி வேண்டாம். டிரிகரை அழுத்தும் நொடியில் துப்பாக்கி பின்னால் உதைக்கும். ஒற்றைக் கையால் ஏணியைப் பிடித்திருப்பவர் சாய்வதற்கு அதுவே போதும். தரையிலிருந்து முதல் மாடியை எட்டவும் 110 பார் போதாது. நாலு மீட்டர் தாண்டினால் ஜெட் வெறும் தூறல்தான். நீட்டிப்பு லான்ஸ் போடுங்கள், அல்லது பெயின்டர் சாரம் கட்டும் சமயத்தில் அவரோடு சேர்த்து முடித்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் செருப்போடு இந்த வேலை செய்வதை எங்கும் பார்க்கலாம். ஜெட் தோலைத் துளைத்து உள்ளே போகக் கூடியது. வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை கிழிந்து அழுக்குத் தண்ணீர் பரவியிருக்கும். வலி குறைவாக இருக்கிறதே என்று வீட்டில் இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய், பிரஷர் ஜெட் பட்டது என்று சொல்ல வேண்டும். கெட்டியான ஷூ, கண்ணாடி, முழுக்கால் பேன்ட் இவை இல்லாமல் மெஷினை ஓடவிடாதீர்கள்.

கழுவியபின் பெயின்ட் அடிப்பதாக இருந்தால் குறைந்தது இரண்டு மூன்று நல்ல வெயில் நாள் காயவிடுங்கள். ஓர் அடிச் சதுரப் பாலிதீனை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, மறுநாள் காலை பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக ஈரம் இருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை.

மொட்டை மாடி, ஓடு, தரை

மொட்டை மாடியில் பதித்த சிவப்புத் தட்டோட்டின் மேல் கரும்பாசி பிடித்திருந்தால், மெஷினைக் கொண்டு போய் ஒரு மணி நேரத்தில் செக்கச்செவேல் என்று ஆக்கிவிடலாம். அடுத்த மழையில் கீழே கூரை ஒழுகும். தட்டோடுகளுக்கு இடையில் இருக்கும் காரைதான் அந்த மாடியைக் காப்பது; ஜெட் முதலில் தின்பதும் அதைத்தான். அழுத்தத்தைக் குறைத்தால் பரவாயில்லையா என்றால், பழைய மாடிக்கு அதுவும் வேண்டாம். மேலே சொன்ன கரைசல், 20 நிமிடம், கெட்டியான நைலான் பிரஷ், சாதாரணக் குழாய். வெயில் தடுப்பு வெள்ளை பெயின்ட் அடித்த மாடிக்கும் இதுவே.

மங்களூர் ஓட்டுக்கும் கரைசல்தான். ஓட்டின் மேல் ஏறினால் உடையும், கீழிருந்து அடித்தால் ஓடு ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடுக்கு வழியாகத் தண்ணீர் மரச்சட்டத்துக்குப் போகும். நீட்டிப்பு லான்ஸில் முகட்டிலிருந்து கீழ்நோக்கி, தூரத்தில் பிடித்து வெறும் அலசலுக்கு மட்டும் மெஷினைப் பயன்படுத்தலாம்.

மெஷின் தன் விலைக்கு நியாயம் செய்யும் இடம் தரை. பேவர் பிளாக், சிமென்ட் வாசல், கடப்பாக் கல் படி, கிரானைட் என்று எதிலும் தைரியமாக அடிக்கலாம். சுழலும் நாசிலுக்கும் இங்கேதான் வேலை. பேவர் இடுக்கில் இருக்கும் மணல் நிச்சயம் வெளியேறும். தரை காய்ந்ததும் சலித்த நைஸ் மணலைக் கொட்டித் துடைப்பத்தால் இடுக்குகளில் நிரப்பாவிட்டால் கல் ஆடத் தொடங்கும். பெரிய வாசல் உள்ளவர்கள் வட்டமான சர்ஃபேஸ் கிளீனர் வாங்குவது நல்லது. அழுக்குத் தண்ணீர் அதன் மூடிக்குள்ளேயே நிற்பதால் கழுவிய சுவரில் சேறு தெறிக்காது, தரையில் வரி விழாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கறுப்பு கிரானைட்டில் காய்வதற்குள் வைப்பரால் இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் புள்ளி நிற்கும்.

பழைய இரும்பு கேட்டை மட்டும் விட்டுவிடுங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. ஜெட் பட்டுத் தெறிக்கும் செதில்கள் குழந்தைகள் விளையாடும் மண்ணில்தான் விழும்.

மெஷின் மக்கர் செய்தால்

ஜெட் துடிதுடித்து வந்தால் பத்தில் எட்டுத் தடவை காற்று. நுழைவு ஹோஸின் இணைப்பில் வாஷர் விலகியிருக்கும், அல்லது வலையில் மண். தொடங்கும்போதே லான்ஸைக் கழற்றிவிட்டு, குழாயைத் திறந்து, டிரிகரை அழுத்திப் பிடித்து, காற்றில்லாமல் தண்ணீர் சீராக வந்த பிறகு மோட்டாரைப் போட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். டிரிகரை விட்ட பின்னும் மோட்டார் தானாக விட்டு விட்டு ஓடினால் எங்கோ கசிவு. ஹோஸ் சேரும் இடத்து ஓ ரிங்கை (ரப்பர் வளையம்) பாருங்கள், சிறிது சிலிகான் கிரீஸ் தடவினால் பல சமயம் சரியாகிவிடும். மோட்டார் நன்றாக ஓடியும் ஜெட் சோர்ந்து வந்தால் நாசில் துளையை மெல்லிய கம்பியால் குத்தி, எதிர்ப்பக்கமிருந்து தண்ணீர் விடுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் உள்ளே வால்வில் உப்புப் படிந்திருக்கலாம், சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். கருகிய வாடை வந்தால் மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்ப் சீல் போய்விடலாம். அந்தச் சேதத்தை வாரன்டியில் பேசி வாங்குவது கடினம்.

ஆள் வைத்துச் செய்தால்

பெயின்டிங் கான்ட்ராக்டர்கள் கழுவும் வேலையையும் சேர்த்துச் சதுர அடிக்கு விலை சொல்வார்கள். விலையை விட, என்ன பம்ப் கொண்டு வருகிறார்கள் என்று கேளுங்கள். வயலுக்கு மருந்தடிக்கும் எச்டிபி பம்ப் என்றால் முகம் சுளிக்க வேண்டாம். அது 20 முதல் 40 பார்தான் கொடுக்கும், ஆனால் தண்ணீர் நிமிடத்துக்கு 20 லிட்டர் அளவில் வரும். ஊறிய பாசியை மாடியிலிருந்து அலசி இறக்க, 110 பார் வீட்டு மெஷினைவிட அதுவே மேல். பூச்சுக்கும் ஆபத்து குறைவு. பெட்ரோல் இன்ஜின் வைத்த 200 பார் மெஷினோடு வருபவர் என்றால், எந்த நாசில், எவ்வளவு தூரம், முதலில் கரைசல் அடிப்பீர்களா என்ற மூன்று கேள்வி. "கரைசல் எல்லாம் வேண்டாம் சார், பிரஷர்லயே போயிடும்" என்று பதில் வந்தால் அந்த ஆளுக்கு வாசல் தரையை மட்டும் கொடுங்கள். சுவரை வேறொருவரிடம் ஒப்படையுங்கள். கூலி பேசும்போதே தண்ணீர் யாருடையது, செடிகளை மூடுவது யார், கழன்ற பூச்சைச் சரிசெய்வது யார் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சொந்த மெஷின் வைத்திருப்பவர்கள் வேலை முடிந்ததும் மோட்டாரை அணைத்து, குழாயை மூடி, டிரிகரை அழுத்தி உள்ளே இருக்கும் அழுத்தத்தை விட்ட பிறகே ஹோஸைக் கழற்றுங்கள். போர் தண்ணீரில் ஓட்டியிருந்தால் கடைசி இரண்டு நிமிடம் நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். ஹோஸை இறுக்கிச் சுற்றாமல் பெரிய வளையமாகச் சுற்றி நிழலில் தொங்கவிடுங்கள். மாடிப்படிக்கு அடியில் எலி வரும் இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள், எலி முதலில் கடிப்பது மின் ஒயரைத்தான்.